ஆயிரம் கஜத்துக்கு ஒரு சிக்கன ரைபிள்: எதை வாங்கலாம்?

வாசகர் கேள்வி, ஜூன் 4

"பொழுதுபோக்காகத் தொலைதூர இலக்குச் சுடுதல் தொடங்கப் போகிறேன். வேட்டை இல்லை, போட்டியும் இப்போதைக்கு இல்லை. கையில் இருப்பது அளவான பணம். என் கணக்கு இதுதான்: 6.5 க்ரீட்மூர் என்ற தோட்டாவில், ஒரு எம்.ஓ.ஏ. துல்லியம் உத்தரவாதம் என்று சொல்லும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளாகப் பார்த்து வாங்கிவிடுவது. மிச்சமிருப்பதில் ஒரு ஸ்கோப். ரைபிள் துல்லியமாக இருந்துவிட்டால் மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். சரிதானே?"

ஜூன் 4

பாதி சரி.

ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக் கோணம், 100 மீட்டரில் ஏறக்குறைய 2.9 செ.மீ. ஆயிரம் கஜத்தில் அது 26 செ.மீ. சொச்சம். எஃப் கிளாஸ் என்ற தொலைதூரப் போட்டியின் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டமும் ஒரு எம்.ஓ.ஏ.தான். ஆக நீங்கள் சொல்லும் ரைபிள் அந்த வளையத்துக்குள் சுடும் திறன் உள்ளது. கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றி. .308 என்ற தோட்டாவில் 175 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு ஆயிரம் கஜம் போவதற்குள், குறுக்கே அடிக்கும் காற்றை நொடிக்கு ஒரு மீட்டர் தப்பாகக் கணித்தால் அரை மீட்டருக்கு மேல் விலகும். 6.5 க்ரீட்மூரில் 40 செ.மீ. சுற்றி. ரைபிளை அரை எம்.ஓ.ஏ.வுக்கு மாற்றினாலும் இந்த 40 செ.மீ. அங்கேயேதான் நிற்கும்.

எனவே இரண்டு எதிர்க்கேள்வி. நீங்கள் அடிக்கடி போகக்கூடிய சுடுதளம் எத்தனை மீட்டர்? மாதம் எத்தனை தோட்டா உங்களால் வாங்க முடியும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் ரைபிள் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஜூன் 4, இரவு

அந்த உத்தரவாதத்தைப் பற்றி ஒன்று. அடியில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். பெரும்பாலும் "3 குண்டு குரூப்" என்றிருக்கும், அதாவது மூன்று குண்டு விழுந்த இடங்களின் பரப்பு, அதுவும் நல்ல மேட்ச் (போட்டித் தரத்) தோட்டாவில். 3 குண்டு குரூப்பின் சராசரி ஒரு எம்.ஓ.ஏ. என்றால், அதே ரைபிள், அதே ஆள், அதே தோட்டா, 10 குண்டு சுட்டால் சராசரி 1.6 எம்.ஓ.ஏ. வரும். யாரும் ஏமாற்றவில்லை. எண்ணிக்கை கூடக் கூட ஓரத்தில் விழும் குண்டுகள் தலைகாட்டும், அவ்வளவுதான். பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டும் அந்த மூன்று ஓட்டைத் தாள் எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. ரைபிளைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு.

ஜூன் 6

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: பக்கத்துத் தளம் 300 மீட்டர். 1000 கஜத் தளம் தூரத்தில் இருக்கிறது, எப்போதாவதுதான் போக முடியும். தோட்டா ஆலைத் தயாரிப்புதான், வீட்டில் நிரப்பும் யோசனை "பின்னால் பார்க்கலாம்".

அப்படியானால் நான் க்ரீட்மூரிலிருந்து உங்களை இறக்கிவிடப் பார்க்கிறேன். கெட்ட தோட்டா என்பதால் அல்ல. ஹார்னடி நிறுவனம் 2007இல் கொண்டுவந்தபோதே நீளமான, காற்றைச் சுலபமாகக் கிழிக்கும் குண்டுக்காக வடிவமைத்தது அது. .308ஐ விட உதை குறைவு, காற்று விலகல் கால் பங்குக்கும் மேல் குறைவு. ஆயிரம் கஜத்தில் .308 175 கிரெய்ன் குண்டு ஒலிவேகத்தைக் கொஞ்சம்தான் தாண்டி நிற்கும், க்ரீட்மூர் தாராளமாக மேலே இருக்கும். எல்லாம் சரி. ஆனால் 300 மீட்டரில் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி உங்களுக்குப் பயன்படப் போவதில்லை. பேரலோ சுமார் 2500, 3000 தோட்டாவில் கூர்மையை இழக்கத் தொடங்கும். .308 சுமார் 5000 தாங்கும்.

என் சிபாரிசு: .223 ரெமிங்டன், கனமான பேரல், 1:8 ட்விஸ்ட். அதாவது உள்ளே இருக்கும் வரிப்பள்ளம் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்த எண்ணை விற்பவர் சொன்னார் என்று நம்பாமல், பேரலில் பொறித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். 1:12 பேரலில் 55 கிரெய்ன் வரைக்கும்தான் குண்டு நிலையாகப் பறக்கும். 1:9இல் 69 வரை போகலாம். நமக்கு வேண்டிய 77 கிரெய்னுக்கு 1:8 அல்லது அதைவிட வேகமானது தேவை. அந்தக் குண்டு 600 மீட்டர் வரை நன்றாகப் போகும். 800 கஜம் வாக்கில் ஒலிவேகத்தை நெருங்கி, அதற்கு மேல் அதன் மனம்போல்.

இவ்வளவு சின்னத் தோட்டாவை ஏன் சொல்கிறேன்? உதை மிகக் குறைவு. சுட்டபின் ஸ்கோப் இலக்கைவிட்டு விலகாது, உங்கள் குண்டு எங்கே விழுந்தது என்பதை நீங்களே பார்க்கலாம். காற்றைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. தோட்டா விலையும் குறைவு. பின்னால் நீங்களே நிரப்பத் தொடங்கினால், .308 ஒன்றுக்குப் போகும் மருந்தில் .223 கிட்டத்தட்ட இரண்டு நிரப்பலாம். யானையைக் கட்டித் தீனி போட முடியாமல் விற்றுவிட்டுப் போன பலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெட்டி நிறைய ஆசையோடு வந்தவர்கள்.

ஜூன் 7

.308 கட்சிக்காரர்கள் மூன்று பேர் ஒரே இரவில் கோபித்துக்கொண்டார்கள். சரி, உங்கள் பக்க நியாயத்தையும் போட்டுவிடுகிறேன். 1952இலிருந்து இருக்கிறது. எங்கும் கிடைக்கும். மோசமான பேரலில்கூட மரியாதையாகச் சுடும். எஃப் கிளாஸில் எஃப்.டி.ஆர். பிரிவுக்கு .308, .223 இரண்டுக்கும்தான் அனுமதி. ஸ்கோப், பைபாட் (முன்னே தாங்கும் இரட்டைக் கால்) எல்லாம் சேர்த்து 8.25 கிலோவுக்குள் இருந்தால் போதும். அங்கே நீண்ட தூரத்தில் பெரும்பாலோர் .308தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் புதிதாகச் சுடுகிறவர் ஒரு மதியம் முழுக்க .308 சுட்டபின், கடைசி இருபது தோட்டாவில் கண்ணை மூடிக்கொண்டு ட்ரிக்கரை இழுப்பதை யாராவது மறுப்பீர்களா?

ஜூன் 11

இப்போது ரைபிள். பெயர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டீர்கள் என்று தெரியும்.

டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500, சாவேஜ் 110, பெர்காரா பி-14, ரூகர் அமெரிக்கன். இவற்றில் எதையும் நான் தடுக்க மாட்டேன். டிக்காவின் போல்ட் வெண்ணெயாக ஓடும், ட்ரிக்கர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே நன்றாக இருக்கும், .223இல் 1:8 ட்விஸ்ட் வருகிறது. பெர்காரா பி-14, 1962இல் வந்த ரெமிங்டன் 700இன் அடிப்பாக வடிவத்தைப் பின்பற்றுவது. எனவே அதற்கான ஸ்டாக்கும் (ரைபிளைத் தாங்கும் கட்டை) ட்ரிக்கரும் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். சாவேஜில் பேரலை ஒரு நட்டு பிடித்திருக்கிறது. சரியான அளவுமானி இருந்தால் தேய்ந்த பேரலை உரிமையாளரே மாற்றிக்கொள்ளலாம், துப்பாக்கிக் கம்மியரிடம் போக வேண்டியதில்லை. ஹோவா கொஞ்சம் கனம், கொஞ்சம் முரடு, ஆனால் உறுதி. ரூகர் அமெரிக்கன் இந்த வரிசையில் மலிவு, பேரல் நன்றாகவே சுடும், ஸ்டாக்தான் பிளாஸ்டிக் கரண்டி.

அந்த ஸ்டாக் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலிவு ரைபிள்களில் பணம் மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். நான் வைத்திருந்த ஒன்றில், பைபாட்டை முன்னோக்கி அழுத்திச் சாய்ந்தால் ஸ்டாக்கின் முன்பகுதி வளைந்து பேரலைத் தொடும். சாய்ந்து சுட்டால் ஒரு இடம், மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் இன்னொரு இடம். தோட்டாவைக் குறை சொன்னேன், ஸ்கோப்பைக் குறை சொன்னேன். ஒரு தாளை மடித்துப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. கடையில் கையில் எடுத்ததும் இதைச் செய்து பாருங்கள்: பைபாட் மாட்டும் இடத்தைப் பிடித்துப் பேரலை நோக்கி நெரியுங்கள். தொட்டால், ஸ்டாக் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் அது மலிவு ரைபிளா என்று பாருங்கள்.

வேட்டைக்கான மெல்லிய பேரல் வேண்டாம். முதல் மூன்று குண்டு அழகாக விழும். சூடேறியபின் குரூப் இடம்விட்டு நகரத் தொடங்கும். வேட்டைக்காரருக்கு மூன்றே போதும், நமக்குப் போதாது.

ஜூன் 12

"பழைய ராணுவ ரைபிள் எடுத்தால் இன்னும் மலிவாயிற்றே?" என்று ஒரு கேள்வி. ஸ்வீடிஷ் மவுசர் நல்ல நிலையில் கிடைத்தால் அழைக்காமலே வருவேன். அதன் 6.5x55 தோட்டா 1890களைச் சேர்ந்தது, இன்றைய க்ரீட்மூர் செய்யும் வேலையில் பெரும்பங்கை அப்போதே செய்தது. ஆனால் அதன் மேல் ஸ்கோப் பொருத்தத் துளை போட வேண்டும். துளை போட்டால் சேகரிப்பாளர்கள் சாபம் விடுவார்கள், போடாவிட்டால் நம் கண் சாபம் விடும். மோசின் நாகாண்ட் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: பழைய கையிருப்புத் தோட்டாவில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) உப்பை விட்டுச் செல்லும். அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் பேரல் துருப்பிடிக்கும். வெறும் எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது.

ஜூன் 13

பழசைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. க்ரீட்மூர் என்ற பெயர் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த சுடுதளத்தினுடையது. 1874இல் அங்கே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜத்தில் மோதின. கரிமருந்து, ஈயக் குண்டு, ஸ்கோப் கிடையாது. அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி நிரப்பும் ரிக்பி, அமெரிக்கர்கள் பின்வழி நிரப்பும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. அயர்லாந்துக்காரர் ஒருவர் நடு மையத்தில் ஒரு குண்டு போட்டார், ஆனால் பக்கத்து ஆளின் இலக்கில்! அதற்கு மதிப்பெண் பூஜ்யம். மூன்று புள்ளியில் போன ஆட்டம்.

நம் தளத்திலும் அந்த நோய் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர் இங்கே படிக்கிறார்.

ஜூன் 19

ஸ்கோப். "மிச்சமிருப்பதில் ஸ்கோப்" என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஸ்கோப்புக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ரைபிள் பாருங்கள். மலிவு ரைபிள்கள் இந்த இருபது வருடத்தில் வெகுவாக முன்னேறிவிட்டன. மலிவு ஸ்கோப்புகள் அந்த அளவுக்கு இல்லை.

கண்ணாடி எவ்வளவு பளபளப்பு என்பது எனக்கு இரண்டாம் பட்சம். டரட்டை (குறியை ஏற்றி இறக்கும் குமிழ்) திருகினால் திருகிய அளவுக்கு நகர வேண்டும், திரும்ப வைத்தால் பழைய இடத்துக்கே வர வேண்டும். சோதிக்கச் சுலபமான வழி, மில் (இன்னொரு கோண அளவு, 100 மீட்டரில் 10 செ.மீ.) ஸ்கோப்புக்கு: உயரமான அட்டையில் தூக்குநூல் வைத்துச் செங்குத்துக் கோடு போடுங்கள். 100 மீட்டரில் அடியில் ஒரு குரூப். 10 மில் ஏற்றி அதே புள்ளியைக் குறிபார்த்து இன்னொரு குரூப். இரண்டின் நடுவுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர் இருக்க வேண்டும், கோட்டைவிட்டு விலகவும் கூடாது. திரும்ப இறக்கி மறுபடி ஒன்று. புது ஸ்கோப் எதை மாட்டினாலும் இது முடியாமல் நான் தூரத்துக்குப் போவதில்லை.

இன்னொரு கணக்கு. மொத்தம் 60 எம்.ஓ.ஏ. ஏற்ற இறக்கம் உள்ள ஸ்கோப்பை நேர் ரெயிலில் (ரைபிள் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் பட்டை) மாட்டினால் மேலே ஏற்ற உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 30. ஆயிரம் கஜத்துக்கு .308க்கு 38 எம்.ஓ.ஏ. வாக்கில் வேண்டும், எட்டாது. க்ரீட்மூருக்கு விளிம்பில் எட்டும். 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள ரெயில் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. விலை அற்பம். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

டரட் மில் என்றால் உள்ளே இருக்கும் கோடுகளும் மில்லாக இருக்கட்டும். ஒன்று எம்.ஓ.ஏ., இன்னொன்று மில் என்று இன்னமும் விற்கிறார்கள். சுடும்போது மனக்கணக்குப் போட உங்களுக்கு ஆசை இருந்தால் தவிர, தொடாதீர்கள்.

ஜூன் 20

விட்டுப்போனது: ரசமட்டம். ஸ்கோப்பின் மேல் ஒட்டும் அந்தச் சின்ன நீர்க்குமிழி. ஆயிரம் கஜத்தில் ரைபிளை 3 டிகிரி சாய்த்துப் பிடித்தால் குண்டு பக்கவாட்டில் அரை மீட்டர் தள்ளி விழும். 3 டிகிரி சாய்வைக் கண் உணராது, அதுவும் சரிவான மேட்டில் படுத்திருக்கும்போது.

ஜூலை 3

.22 எல்.ஆர். என்ற மிகச் சின்னத் தோட்டாவைப் பற்றி: "அது பொம்மைத் துப்பாக்கி, தொலைதூரச் சுடுதலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர்.

நிறைய. 50 மீட்டருக்குச் சரிசெய்த .22 ரைபிளை 200 மீட்டருக்குத் தூக்க 8 மில் அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். .308இல் அவ்வளவு ஏற்ற நீங்கள் 700 மீட்டரைத் தாண்ட வேண்டும். காற்று தள்ளும் கோணமும் கிட்டத்தட்ட அதே கதை. அதாவது 200 மீட்டர் தளம் மட்டும் உள்ளவர், டரட் திருகுவது, காற்றைப் படிப்பது, தூரம் அளப்பது எல்லாவற்றையும் மிகச் சொற்பச் செலவில் பழகலாம். டிக்கா டி1எக்ஸ், டி3எக்ஸின் ஸ்டாக்கிலேயே உட்காரும். பெர்காரா பி-14ஆர், ரெமிங்டன் 700 ஸ்டாக்கில் உட்காரும். சி.இசட். 457இல் பேரலை வீட்டிலேயே மாற்றலாம். மூன்றுமே விளையாட்டுச் சாமான் அல்ல.

ஒரு குறை: உதையைச் சமாளிக்க அது கற்றுத் தராது. இன்னொன்று, தோட்டா விஷயத்தில் .22 ரைபிள்கள் வீட்டு மாப்பிள்ளை மாதிரி. ஒரே பெயர், ஒரே பெட்டி, தயாரிப்பு வரிசை எண் மாறினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிடித்த வரிசை கிடைத்தால் கையில் இருக்கும் காசுக்கு வாங்கிப் போடுங்கள்.

ஜூலை 4

வேகமான .22 தோட்டா வாங்கினால் காற்று குறைவாகத் தள்ளும்தானே என்கிறார் அதே நண்பர். இல்லை, அதிகமாகத் தள்ளும். நம்பக் கடினம். நொடிக்கு 326 மீட்டர் வாக்கில் கிளம்பும் சாதாரணத் தோட்டா ஒலிவேகத்துக்குக் கீழேயே இருந்துவிடுகிறது. வேகத் தோட்டா ஒலிவேகத்துக்கு மேலே கிளம்பி, அந்த எல்லையில் காற்றுத்தடை எகிறும் இடத்தில் மாட்டி, விறுவிறுவென்று வேகத்தை இழக்கிறது. குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட, வழியில் எவ்வளவு நேரத்தை இழந்தது என்பதை வைத்துத்தான் காற்று தள்ளுகிறது. அதனால்தான் மேட்ச் தோட்டாக்கள் மெதுவானவை.

ஜூலை 15

பழைய ரைபிள் வாங்கலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு. வாங்கலாம். வாய்முனையில் வெட்டோ நசுங்கலோ இருக்கக் கூடாது. போல்ட்டின் பூட்டுக் காதுகள் இரண்டும் சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால் வரி தொடங்கும் இடத்தை போர்ஸ்கோப் (பேரலுக்குள் பார்க்கும் கருவி) விட்டுப் பாருங்கள், காய்ந்த ஏரித்தரை போலப் பிளவு தெரிந்தால் பேரல் விலையைக் கழித்துப் பேசுங்கள். "சில நூறு தோட்டாதான் போயிருக்கும்" என்ற வசனத்தை எல்லா விற்பனையாளர்களும் ஒரே குரலில் சொல்வார்கள். ஒரு கடையில் நான் வாங்கியதில் ஸ்கோப் வளையத் திருகுகளில் இரண்டு கையாலேயே கழன்றன. டார்க் ஸ்க்ரூட்ரைவர் (முறுக்கும் விசையை அளந்து காட்டுவது) ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டித் தந்தவர் யாராக இருந்தாலும் ஒருமுறை நீங்களே முறுக்கிப் பாருங்கள்.

ஜூலை 30

.223 பற்றி இரண்டாம் யோசனை. ஜூன் 6 குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் எழுதியிருக்கிறார்: அவருக்கு 1000 கஜத் தளம் மட்டும்தான், பக்கத்தில் வேறில்லை. அங்கே .223 எடுத்துக்கொண்டு போனால், நடுவில் எங்கோ ஒலிவேகத்துக்குக் கீழே போய்த் தடுமாறும் குண்டை வைத்து எதையும் கற்க முடியாது. 80 கிரெய்னுக்கு மேற்பட்ட நீண்ட குண்டுகளைப் போடலாம், ஆனால் அவை மேகசினுக்குள் அடங்காது. நீங்களே நிரப்பி ஒவ்வொன்றாக ஊட்ட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு நேராக 6.5 க்ரீட்மூர்தான். பேரல் செலவை முன்கூட்டியே மனதில் எழுதிவைத்துக்கொள்ளட்டும். 300 மீட்டர்காரருக்குச் சொன்னது அப்படியே நிற்கிறது.

இன்னொன்றும் சேர்க்கிறேன். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறுவது 100 மீட்டர் தாளில் தெரியாது. .308இல் நொடிக்கு 15 மீட்டர் வித்தியாசம் இருந்தால் ஆயிரம் கஜத்தில் மேல் கீழாக அரை மீட்டரை நெருங்கும். 100 மீட்டரில் ஒரே ஓட்டையில் போடும் மலிவுத் தோட்டா, தூரத்தில் ஏணி போடுவது இதனால்தான். வாங்குவதற்கு முன் யாரிடமாவது க்ரோனோகிராஃப் (குண்டின் வேகமானி) கடன் கேட்டு ஒரு பெட்டியை அளந்து பாருங்கள்.

காதுக்கு அடைப்பான், அதன் மேல் மூடி, இரண்டும். பக்கத்து ஆள் மஸில் பிரேக் (உதையைக் குறைக்க வாய்முனையில் மாட்டுவது, சத்தத்தைப் பக்கவாட்டில் தள்ளும்) வைத்திருந்தால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று தேடத் தோன்றும்.

ஆகஸ்ட் 9

கேள்வி கேட்டவர் வாங்கிவிட்டார். பழைய ஹோவா, .223, கனமான பேரல், 1:8. நல்ல கை. ஸ்கோப்புக்கு ரைபிளை விட அதிகம் கொடுத்திருக்கிறார், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று அவர் எழுதவில்லை.

அவருடைய புதுக் கேள்வி: 10 மில் சோதனையில் ஒரு மீட்டருக்குப் பதில் 97 செ.மீ. வருகிறது, ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பலாமா?

அவசரம் வேண்டாம். தளத்தில் "100 மீட்டர்" என்று பலகை இருப்பதால் அது 100 மீட்டர் ஆகிவிடாது. மேசை முன்னே பின்னே இருக்கும், இலக்குச் சட்டத்தைத் தள்ளி நட்டிருப்பார்கள். 97 மீட்டர் இருந்தாலே 97 செ.மீ.தான் வரும். டேப் பிடித்து அளந்துவிட்டு, இரண்டு இடத்திலும் பத்துப் பத்துக் குண்டு சுட்டு நடுவை எடுங்கள். தூரம் சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் அதே 97 வந்தால், குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் செயலியில் ஸ்கோப் திருத்தம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் 0.97 போட்டுவிட்டு நிம்மதியாகச் சுடலாம். ஒரு தடவை 97, மறு தடவை 99, அப்புறம் 96 என்று வந்தால் அன்றைக்கே பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். ரசீது இருக்கிறதா?